கூண்டு காப்பாற்றுமா?

சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழா. சர்க்கரைப் பொங்கலும் வடையும் முடித்து, கை கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒரே சிறுவர் கூட்டம். நடுவில் நின்றது என் தங்கை மகனின் மாருதி ஜிப்ஸி. மேல் துணியைக் கழற்றிவிட்டு, உட்புறம் முழுவதும் செக்கச் சிவப்பில் குழாய்க் கூண்டு ஒன்று மாட்டியிருந்தான். பையன்கள் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களும் சும்மா இல்லை. "யானை மிதித்தாலும் நசுங்காது போலிருக்கிறதே!" என்று ஒரு நண்பர் வியந்தார்.

ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் கழிந்தது. எந்த இரும்பைப் பார்த்தாலும் என் கை முதலில் போவது இணைப்புக்குத்தான். குனிந்து ஒரு குழாயின் காலைப் பார்த்தேன். பிறகு மேலே இருந்த வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தங்கை அருகில் வந்தாள்.

"அண்ணா, மழைக்காலத்துல ஞாயிற்றுக்கிழமை ஆனா மலை, காடுன்னு கிளம்பிடறான். குழந்தையையும் பின்னாடி உட்கார வெச்சுக்கிறான். இந்தக் கம்பி இவங்களைக் காப்பாத்துமா?"

"பார்த்துச் சொல்றேன்மா" என்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. நம் புனேயிலிருந்து சஹ்யாத்ரிச் சரிவுகளுக்கு ஜீப்பும் ஜிப்ஸியும் எடுத்துக்கொண்டு போகும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கூண்டின் வேலை என்ன?

ஆங்கிலத்தில் ரோல் கேஜ் என்பார்கள். வண்டி கவிழ்ந்து உருண்டால், உள்ளே இருப்பவரின் தலைக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடம் சுருங்காமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் இல்லை. மோதலின் வேகத்தை அது விழுங்காது. ஆளைப் பிடித்து வைக்காது.

இதை ரயில் பெட்டியை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். 1955-இல் சென்னை பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நாட்டு வடிவமைப்பில் இரும்புப் பெட்டிகளைச் செய்தது. அதற்கு முந்தைய பழைய மரப் பெட்டிகள் மோதும்போது, தொலைநோக்கிக் குழல்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதுபோல ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குள் புகுந்துவிடும். புதிய பெட்டியில் இரு முனைகளும் நசுங்கி மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும்; பயணிகள் உட்காரும் நடுப்பகுதி உருக்குலையாமல் நிற்கும். நசுங்க வேண்டிய இடம் நசுங்க வேண்டும், நசுங்கக் கூடாத இடம் நசுங்கக் கூடாது. இந்த இரண்டாவது வேலைதான் கூண்டினுடையது.

ஜிப்ஸி 1985-இல் வந்த வண்டி. பொதுமக்களுக்கான விற்பனை 2019-இல் நின்றுவிட்டது. ஏணி போன்ற அடிச்சட்டத்தின் மேல் ரப்பர் வைத்துத் தகரக் கூட்டை உட்கார வைத்திருப்பார்கள். துணிக்கூரை வண்டியில் தலைக்கு மேல் தாங்குவதற்கு ஒன்றுமே கிடையாது. கவிழ்ந்தால் ஏறத்தாழ ஒரு டன் எடை முன் கண்ணாடிச் சட்டத்தின் மேலும் மனிதர்கள் தலைமேலும்தான் இறங்கும். ஆகவே இப்படிப்பட்ட வண்டிக்குக் கூண்டு தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சிவப்புக் கூண்டின்மேல்தான் சந்தேகம்.

சிவப்புக் கூண்டைக் கழற்றினோம்

அடுத்த ஞாயிறு அவன் வீட்டு முற்றத்தில் ஸ்பானரோடு உட்கார்ந்தோம். ஒரு பட்டறையில் நிறையப் பணம் கொடுத்து மாட்டிக்கொண்டு வந்தது. தான் ஏமாந்ததாக ஒப்புக்கொள்ள அவனுக்கு மனமில்லை. "மாமா, இது சி கிளாஸ் ஹெவி பைப். கனத்தைப் பாருங்க" என்றான்.

கனம் உண்மைதான். ஆனால் பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே துத்தநாகப் பூச்சு பளபளத்தது. தண்ணீர்க் குழாய்! இந்தக் குழாய்கள் தண்ணீர் கசியாமல் போவதற்காகச் செய்யப்படுபவை. மடங்கி நெளிந்து அடி தாங்குவதற்காக அல்ல. பட்டைத் தகட்டைச் சுருட்டி நீளவாட்டில் ஒட்டவைத்த குழாய் என்பதால் உள்ளே ஒரு தையல் ஓடும். வளைவின் வெளிப்புறத்தில் அந்தத் தையல் வந்துவிட்டால் அங்கேதான் முதலில் பிளக்கும்.

அடுத்தது கால்கள். நான்கு கால்களும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தகரத் தரையில், உள்ளங்கை அகலம்கூட இல்லாத தகட்டின்மேல் நின்றன. தரைக்கு அடியில் வெறும் வாஷர்கள். வண்டி கவிழ்ந்தால் கூண்டு வளையாது. கூண்டின் கால் தரையைக் குத்திக்கொண்டு கீழே இறங்கும். காகிதத்தில் பென்சிலைக் குத்துவதுபோல.

கடைசியாக, ஒரு குறுக்குக் குழாயை வைஸில் பிடித்து நான்கு பவுண்டு சம்மட்டியால் மூன்று அடி கொடுக்கச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே இணைப்பு கழன்று விழுந்தது. வெல்டிங் மேலே ஜரிகை மாதிரி அழகாக இருந்தது. குழாயின் உடலுக்குள் இறங்கவே இல்லை. ஓரங்களில் இருந்த இடைவெளியை உலோகத்தால் மெழுகி மூடியிருந்தார்கள்.

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை நம்பித்தான் பாப்பாவைப் பின்னாடி உட்கார வெச்சேன், மாமா" என்றான். நாமே செய்வது என்று அன்றைக்கு முடிவாயிற்று.

எந்தக் குழாய்?

முதல் கேள்வி, ஏன் குழாய்? கம்பியாகப் போட்டால் இன்னும் உறுதியாக இருக்காதா? இல்லை. வெளிவிட்டம் 45 மி.மீ., சுவர்க் கனம் 2.5 மி.மீ. உள்ள குழாய் மீட்டருக்கு 2.6 கிலோ எடை. அதே எடையில் கெட்டிக் கம்பி எடுத்தால் அதன் விட்டம் 20.6 மி.மீ.தான் வரும். கணக்குப் போட்டால், வளையாமல் நிற்கும் விறைப்பு குழாய்க்கு எட்டு மடங்குக்கு மேல். வளைவைத் தாங்கும் வலு ஏறத்தாழ நான்கு மடங்கு. இரும்பு நடுவில் இருப்பதைவிட ஓரத்தில் இருந்தால்தான் வளைவை எதிர்க்கும். மூங்கில் இதை நமக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கிறது.

இரண்டாவது, எந்தக் குழாய்? மோட்டார் பந்தயங்களுக்கான உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ. இதற்கு விதிகள் வகுத்திருக்கிறது. குளிர்நிலையில் இழுத்துச் செய்த, தையல் இல்லாத கார்பன் எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். கார்பன் 0.3 சதவீதத்துக்கு மேல் கூடாது. இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 350 நியூட்டன். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளையத்துக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50-க்கு 2. மற்ற உறுப்புகளுக்கு 38 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 40-க்கு 2. கடையில் இதை சி.டி.எஸ். குழாய் என்று கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. தண்ணீர்க் குழாய்க் கடையில் "ஒன்றரை இஞ்சு" என்று கேட்டால் 48.3 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயைக் கொடுப்பார்கள். அந்த ஒன்றரை என்பது உள்துளையை ஒட்டி வழங்கும் பெயர். சி.டி.எஸ். குழாயில் சொல்வது வெளிவிட்டம். ஆகவே இஞ்சில் பேசாதீர்கள். வெர்னியரைக் கையில் வைத்துக்கொண்டு மில்லிமீட்டரில் பேசுங்கள். குழாய் ஆலையின் பரிசோதனைச் சான்றிதழின் நகலையும் கேட்டு வாங்குங்கள். போசரிப் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கியபின், சான்றிதழோடு நான்காவது கடையில் கிடைத்தது. மொத்தம் ஏறத்தாழ 19 மீட்டர். தகடுகளையும் சேர்த்தால் கூண்டின் எடை 50 கிலோவை ஒட்டி வந்தது.

முக்கோணம்

நான்கு ஐஸ்கிரீம் குச்சிகளைக் குண்டூசியால் கோத்து ஒரு சதுரம் செய்யுங்கள். விரலால் தள்ளினால் சாய்ந்து படுத்துவிடும். மூன்று குச்சிகளில் முக்கோணம் செய்யுங்கள். குச்சி முறிந்தாலொழிய அது சாயாது. ரயில் பாலங்களில் நீங்கள் பார்க்கும் சாய்வுச் சட்டங்களுக்கெல்லாம் காரணம் இதுதான்.

அந்தச் சிவப்புக் கூண்டில் ஒரு மூலைவிட்டம்கூட இல்லை. எல்லாமே சதுரம். வண்டி நேராகத் தலைகீழாக விழுவது அபூர்வம். பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு மேல் மூலைதான் முதலில் தரையைத் தொடும். அப்போது சதுரம் சாய்சதுரமாகும். மேற்குழாய் ஓட்டுநரின் தலைப்பக்கம் நகர்ந்து வரும்.

எங்கள் கூண்டின் அமைப்பு இது. இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காக ஒரு பெரிய வளையம். அதற்குள் ஒரு மூலைவிட்டம். அதன் இரு தோள்களிலிருந்தும் பின்பக்கம் சாய்ந்து இறங்கும் இரண்டு தாங்கு கால்கள். இவை செங்குத்துக் கோட்டுக்குக் குறைந்தது 30 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். தோளிலிருந்து முன்னோக்கிப் போய், கண்ணாடிச் சட்டத்தை ஒட்டிக் கீழே இறங்கும் இரண்டு குழாய்கள். கண்ணாடிக்கு மேல் ஒரு குறுக்கு. கூரையில் ஒரு மூலைவிட்டம். இரு கதவுப் பக்கமும் ஒவ்வொன்று. இருக்கைக்குப் பின்னால் தோள் பெல்ட் கட்ட ஒரு குறுக்கு. எந்த இணைப்பைப் பார்த்தாலும், அதில் வரும் பாரம் அடுத்த குழாய் வழியாகத் தரைக்குப் போக வழி இருக்க வேண்டும். பாரத்துக்கு வழி விடாத குழாய் வெறும் அலங்காரம்.

காலுக்குக் கீழே

ரயில் தண்டவாளத்தை நேராக ஜல்லியின்மேல் போட்டால் என்ன ஆகும்? முதல் வண்டியிலேயே புதைந்துவிடும். அதனால்தான் அடியில் ஸ்லீப்பர் கட்டை. பாரத்தைப் பரப்பிக் கொடுப்பதுதான் அதன் தொழில். கூண்டின் காலுக்கும் ஸ்லீப்பர் வேண்டும்.

45 மி.மீ. குழாயின் முனையில் இரும்பு இருக்கும் பரப்பு 3.3 சதுர செ.மீ.தான். தரையில் குறைந்தது 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள வலுவூட்டும் தகடு வேண்டும் என்கிறது விதி. அதாவது பாரம் முப்பத்தாறு மடங்கு பரப்பில் பரவுகிறது. காலுக்கு மூன்று போல்ட்டாவது வேண்டும். எம்-8 அளவுக்குக் குறையாமல், 8.8 தரத்தில். தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நாங்கள் காலுக்கு நான்கு எம்-10 போட்டோம். தரைக்கு மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் வண்டியின் தகரம். அடிச்சட்டத்தின்மேல் கூடு உட்காரும் ரப்பர் இருக்கைகளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கால்களை வைத்தோம். அங்கேதான் தரைக்குக் கீழே தாங்குவதற்கு ஆள் இருக்கிறது.

கூண்டைக் கூட்டோடும் அடிச்சட்டத்தோடும் சேர்த்து இறுகக் கட்டிவிடலாமே என்று அவன் கேட்டான். கூடாது. கரடுமுரடான வழியில் கூடு ஒரு பக்கமும் சட்டம் ஒரு பக்கமும் முறுக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் நடுவில் ரப்பர். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஏதாவது ஒரு வெல்டிங் விரிசல் விட்டே தீரும்.

வளைப்பதும் வாய் வெட்டுவதும்

வீட்டில் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு. அது குழாயை வளைப்பது. பிளம்பரின் கைப்பம்பு வளைப்பானில் கொடுத்தால் வளைவின் உட்பக்கம் சுருங்கி நசுங்கும். நெருப்பில் காய்ச்சி வளைத்தால் குளிர்நிலையில் இழுத்ததால் வந்த வலு அந்த இடத்தில் போய்விடும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது, அதாவது 45 மி.மீ. குழாய்க்கு 135 மி.மீ. இருக்க வேண்டும். உள்ளே தாங்குதண்டு விட்டு வளைக்கும் இயந்திரம் உள்ள பட்டறைக்கு, 6 மி.மீ. கம்பியில் மாதிரி வளைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மற்றது எல்லாம் முற்றத்திலேயே. ஒரு குழாய் இன்னொன்றின் பக்கத்தில் போய் உட்கார வேண்டுமானால், அதன் முனையை மீன்வாய்போல வெட்ட வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. டிப்ளமோ முதல் ஆண்டில் டிராயிங் வகுப்பில் போட்ட பரப்பு விரிப்புப் பாடம் போதும். 45 மி.மீ. குழாயின் மேல் 38 மி.மீ. குழாய் செங்குத்தாக வந்து சேர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 38-இன் சுற்றளவு 119.4 மி.மீ. அந்த நீளத்துக்கு ஒரு காகிதத்தை வெட்டி, பன்னிரண்டு சம பாகமாகக் கோடு போடுங்கள். மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக 0, 3.3, 8.3, 10.4, 8.3, 3.3, 0 மி.மீ. என்று புள்ளி வையுங்கள். மறுபாதிக்கும் அதே வரிசை. புள்ளிகளை வளைகோட்டால் சேர்த்து வெட்டி, குழாயின்மேல் சுற்றி, சாக்பீஸால் கோடு இழுத்துக் கிரைண்டரால் வெட்டி, அரை வட்ட அரத்தால் ராவிவிட்டால் வாய் கச்சிதமாக உட்காரும். சாய்வாக வரும் குழாய்க்கு வேறு அளவு. அதைத் தனியே வரைந்துதான் எடுக்க வேண்டும்.

இரண்டு குழாய்க்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் திரும்ப ராவச் சொன்னேன். முதல் நாள் அவனுக்கு நான்கு வாய்கள் வீணாயின. பன்னிரண்டாவது வாயை வெட்டியபோது என்னைக் கூப்பிடவே இல்லை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

வெல்டிங்

கரியமில வாயு சிலிண்டரோடு ஒரு மிக் வெல்டிங் செட் வாடகைக்கு எடுத்தோம். கம்பி 0.8 மி.மீ., ஈ.ஆர். 70 எஸ்-6 ரகம். மருமான் ஒரு மாதம் துண்டுக் குழாய்களில் பழகினான். ஒவ்வொரு துண்டையும் குறுக்கே அறுத்து அரத்தால் தேய்த்துப் பார்ப்போம். வெல்டிங் உலோகமும் குழாயும் ஒன்றாகத் தெரிய வேண்டும். நடுவில் கறுப்புக் கோடு தெரிந்தால் ஒட்டவில்லை என்று பொருள். ஒரு நாள் வெல்டிங் முழுவதும் ரவை தோசைபோலப் பொத்தல். செட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். காரணம், வியர்க்கிறது என்று அவன் வைத்திருந்த டேபிள் ஃபேன். வாயுப் போர்வையை அது ஊதித் தள்ளிவிட்டது.

ஆனாலும் உயிர் காக்கும் இணைப்புகளை ஒரு மாதப் பழக்கத்தில் விடக் கூடாது. என்னோடு பணிமனையில் இருந்து ஓய்வு பெற்ற மராட்டிய வெல்டர் ஒருவரை அழைத்தேன். அவர் இரண்டு ஞாயிறு வந்தார், கூலி வாங்கவில்லை. "இது ஆஸ்பத்திரி வேலை மாதிரி" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, என் தங்கை போட்ட ஃபில்டர் காபியை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவருடைய முறை இது. முதலில் எல்லா இணைப்புக்கும் பொட்டு மட்டும் வைப்பது. தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து, மூலைக்கு மூலை நாடா பிடித்துச் சரிபார்ப்பது. பிறகு இடது பக்கம் ஓர் இணைப்பு, வலது பக்கம் ஓர் இணைப்பு என்று மாற்றி மாற்றி முடிப்பது. ஒரே பக்கமாகப் போட்டால் சூடு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு கூண்டு கோணலாகிவிடும். இணைப்பின் முழுச் சுற்றிலும் வெல்டிங் வர வேண்டும். எட்டாத இடம் என்று அரைவட்டம் விடக் கூடாது. முடிந்தபின் அழகுக்காகக் கிரைண்டர் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்ப்பது வலுவைத்தான்.

சில எச்சரிக்கைகள். வண்டியில் வைத்து வெல்டிங் செய்யுமுன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றுங்கள். பெட்ரோல் டாங்கை இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். இருக்கை, ரப்பர் விரிப்பு எல்லாம் வெளியே. தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் குழாயிலேயே மாட்டுங்கள். எங்கேயோ மாட்டினால் மின்சாரம் சக்கர பேரிங் வழியாகப் போய் அதைப் புள்ளி புள்ளியாகப் பொரித்துவிடும். பணிமனையில் புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வதே இதுதான். துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்யவே வேண்டாம். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் வரும். பார்த்திருக்கிறேன்.

நான் செய்த தவறு

பட்டறைக்காரர் தவறை இவ்வளவு சொன்னவன் என் தவறையும் சொல்ல வேண்டும். பெரிய வளையத்தின் உயரத்தை எடுக்க மருமானை இருக்கையில் உட்கார வைத்து, தலைக்கு மேல் ஐந்து செ.மீ. விட்டு அளந்தேன். ஹெல்மெட்டை மறந்துவிட்டேன். வளைத்து வந்த வளையத்தை நிறுத்தி, அவனை ஹெல்மெட்டோடு உட்காரச் சொன்னால், வளையத்தின் மேல்மட்டமும் ஹெல்மெட்டின் உச்சியும் ஒன்றாக நிற்கின்றன! மூன்றரை மீட்டர் குழாயும் வளைப்புக் கூலியும் போயிற்று. "துண்டு வைத்து ஒட்டிக்கொள்ளலாமா, மாமா?" என்றான். பெரிய வளையம் ஒரே குழாயாகத்தான் இருக்க வேண்டும். என் ஓய்வூதியத்தில் இன்னொரு குழாய் வாங்கினேன். அளப்பவன் அளக்க வேண்டியது ஆளை அல்ல, பயன்படுத்தும் நிலையில் உள்ள ஆளை. அறுபது வயதுக்கு மேல் கற்ற பாடம்.

கூண்டே அடிக்கும்

இனி முக்கியமான செய்தி. கூண்டு உள்ள வண்டி சாதாரண வண்டியைவிட ஒரு விதத்தில் ஆபத்தானது. தலைக்கு ஒரு சாண் தூரத்தில் எஃகுக் குழாய். ஹெல்மெட் இல்லாமல் ஊருக்குள் போகும்போது பின்னால் ஒருவர் இடித்தால்கூட, தலை போய் மோதுவது அந்தக் குழாயில்தான். தலை படக்கூடிய இடங்களில் அதற்கென்றே செய்த கெட்டி நுரை உறை போடவேண்டும். கடையில் கிடைக்கும் மெத்தென்ற பஞ்சு போதாது. உறையும்கூட ஹெல்மெட் அணிந்த தலைக்குத்தான்.

அடுத்தது பெல்ட். வண்டி உருளும்போது கட்டாத ஆள் கூண்டுக்குள் பம்பரம்போல அடிபடுவார். அல்லது பாதி வெளியே போய்க் கூண்டுக்குக் கீழேயே மாட்டிக்கொள்வார். தோள் பெல்ட் கட்டும் குறுக்குக் குழாய் தோள்மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். அங்கிருந்து பெல்ட் பின்னோக்கி 45 டிகிரிக்கு மேல் கீழே இறங்கினால், மோதலின்போது முதுகெலும்பையே அமுக்கும்.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பின் தாங்கு கால்கள் வருமிடத்தில் பின் இருக்கைகளை எடுத்துவிட்டோம். இருக்கை எண்ணிக்கையே மாறிவிட்டது. ஆகவே எங்கள் கூண்டு மைதானத்துக்கு மட்டும். போல்ட்டில் நிற்பதால் கழற்ற முடியும். கூண்டோடு போகிற நாளில் ஜிப்ஸி லாரியில் ஏறித்தான் போகிறது.

பதில்

ஜூன் மாதம் முதல் மழைக்கு முன் வேலை முடிந்தது. தங்கையை அழைத்துக் காட்டினேன். அதே கேள்வியைக் கேட்டாள். "காப்பாத்துமா அண்ணா?"

"கூண்டு காப்பாத்தாதும்மா. உட்கார்ந்திருக்கிற இடத்தை விட்டுவைக்கும். அந்த இடத்துக்குள்ள ஆளைப் பிடிச்சு வைக்கிறது பெல்ட். தலையைப் பார்த்துக்கிறது ஹெல்மெட். வண்டியைக் கவிழ்க்காம இருக்க வேண்டியது இவன். நாலும் சேர்ந்தால்தான் உன் கேள்விக்கு ஆமாம்னு சொல்ல முடியும்."

"குழந்தை?"

நான் மருமானைப் பார்த்தேன். அவனே சொன்னான்: "பாப்பாவுக்கு இதுல இடமே இல்லைம்மா. ஸீட்டை எடுத்தாச்சு." அந்த ஸீட்டை எடுக்கத்தான் வேண்டுமா, பின் கால்களைக் கொஞ்சம் தள்ளி இறக்கலாமா என்று இரண்டு வாரம் என்னோடு வாதாடியவன் அவன். அன்றைக்கு ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை.

இதுவரை வண்டி கவிழவில்லை. எங்கள் கூண்டு எவ்வளவு தாங்கும் என்பதை நான் பார்க்கவுமில்லை, பார்க்க விரும்பவுமில்லை. ரயிலின் அபாயச் சங்கிலியைப்போல, இருக்க வேண்டும், இழுக்க நேரக் கூடாது.

இந்த ஆண்டுப் பொங்கலுக்குச் சங்கத்துக்கு அவன் சாதாரணக் காரில் குடும்பத்தோடு வந்தான். பையன்கள் ஏமாந்து போய், "அங்கிள், அந்தச் சிவப்புக் கூண்டு எங்கே?" என்று கேட்டார்கள். அது என் தங்கை வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. இணைப்புகளைக் கயிற்றால் கட்டிப் புடலங்காய்ப் பந்தலாக நிறுத்தியிருக்கிறோம். அந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும்.